அட்டைப்படம் சொன்ன பொய்: ஜெக்கில், ஹைடு நாவலில் இலக்கிய உத்திகள்

பழைய புத்தகக் கடையில் வாங்கிய மாணவர் சுருக்கப் பதிப்பில்தான் இந்த நாவலை முதலில் படித்தேன். அட்டையில் ஒரே ஒரு முகம். இடது பாதியில் கோட்டும் டையுமாக ஒரு கனவான், வலது பாதியில் பல்லை இளிக்கும் மிருகம், நடுவில் நேராக ஒரு கோடு. பத்து அத்தியாய நாவலில் எட்டு அத்தியாயம்வரை ஆசிரியர் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியத்தை ஓவியர் ஒரே படத்தில் போட்டு உடைத்திருந்தார்.

ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் எழுதிய 'டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்: ஒரு விசித்திரமான கேஸ்' 1886 ஜனவரியில் லண்டனில் வெளிவந்தது. விலை ஒரு ஷில்லிங். ஆறே மாதத்தில் பிரிட்டனில் சுமார் 40,000 பிரதிகள் விற்றுப்போயின. அன்று அதை வாங்கிப் படித்தவர்களுக்கு ஜெக்கில் வேறு ஆள், ஹைடு வேறு ஆள். நல்ல பெயரெடுத்த ஒரு டாக்டரை எவனோ ஒரு பொல்லாத பயல் பழைய ரகசியத்தைக் காட்டி மிரட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டுதான் பக்கங்களைப் புரட்டியிருப்பார்கள். இன்றோ நாவலைக் கையால் தொடாதவருக்குக்கூட இருவரும் ஒருவரே என்று தெரியும்.

முடிவு தெரிந்துபோன மர்மக் கதையில் படிக்க என்ன மிச்சம்? சொன்ன விதம் மிச்சம். அந்த விதத்தைத்தான் இலக்கிய உத்தி என்கிறோம். உவமை, குறியீடு, சிலேடை, முரண்நகை, யார் வாயால் கதை வருகிறது என்ற தேர்வு எல்லாமே அதில் சேரும். பரீட்சைக்குப் படிக்கும்போது இவற்றைத் தனித்தனியாகப் பட்டியல் போடச் சொல்வார்கள். இந்த நாவலில் அப்படிப் படித்தால் ஒன்றும் தேறாது. இங்கே எல்லா உத்திகளுக்கும் வேலை ஒன்றுதான்: மறைப்பது. எதை, எப்படி மறைக்கிறார் என்று கவனித்துப் போனால், அட்டைப்படத்து நேர்கோடு எவ்வளவு தப்பு என்பது தெரியும்.

கதைச் சுருக்கம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. ஜெக்கில் தன் வக்கீல் நண்பர் அட்டர்சனிடம் ஓர் உயில் கொடுத்து வைத்திருக்கிறார். தான் இறந்தாலோ, மூன்று மாதத்துக்கு மேல் காணாமல் போனாலோ சொத்து முழுவதும் எட்வர்டு ஹைடு என்பவனுக்குப் போக வேண்டும். யார் இந்த ஹைடு என்று அட்டர்சன் தேடத் தொடங்குகிறார். இடையில் சர் டான்வர்ஸ் கேரு என்ற நாடாளுமன்ற உறுப்பினரை ஹைடு கைத்தடியால் அடித்தே கொல்கிறான். கடைசியில் ஜெக்கிலின் அறைக் கதவை உடைத்துப் பார்த்தால் உள்ளே கிடப்பது ஹைடின் உடல். ஜெக்கிலைக் காணோம். தானே தயாரித்த ஒரு மருந்தைக் குடித்து ஜெக்கில்தான் ஹைடாக உருமாறி வந்தார் என்பது அதற்குப் பிறகுதான் தெரிகிறது.

ஒரு வீடு, இரண்டு கதவு

நாவல் ஒரு கதவில் தொடங்குகிறது. முதல் அத்தியாயத்தின் தலைப்பே 'கதவின் கதை'தான். அட்டர்சனும் அவருடைய தூரத்து உறவினர் என்ஃபீல்டும் ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் போகிறார்கள். கடைகள் நிறைந்த, சுத்தமான, கலகலப்பான தெரு. நடுவில் ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம் மட்டும் தெருவை நோக்கித் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதன் கதவில் அழைப்பு மணியும் இல்லை, தட்டுவதற்கு வளையமும் இல்லை. பெயிண்ட் கொப்பளித்துக் கறைபிடித்துக் கிடக்கிறது. அந்தக் கதவைப் பார்த்ததும் என்ஃபீல்டுக்கு ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. கதை கிளம்புகிறது.

அடுத்த அத்தியாயத்தில் தெருமுனை திரும்பினால் செழிப்பும் வசதியும் தெரியும் ஒரு வாசல் வருகிறது. அது டாக்டர் ஜெக்கிலின் வீடு. இரண்டும் ஒரே வீட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் என்பது நமக்கு மெதுவாகத்தான் உறைக்கும். வாசல்வழியே டாக்டர் வருவார், கொல்லைவழியே ஹைடு வருவான்.

குறியீடு என்றால் 'கதவு மனித மனத்தைக் குறிக்கிறது' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது பழக்கம். நல்ல குறியீடு முதலில் ஒரு பொருளாகத் தன் வேலையைச் செய்ய வேண்டும். இந்தக் கதவு செய்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்பது துப்பு. கடைசியில் உள்ளறைக் கதவைப் பிளக்க வேலைக்காரர் பூல் கோடாலியை ஓங்குகிறார். நாலு அடிக்கும் அசையாமல் ஐந்தாவது அடியில்தான் பூட்டு தெறிக்கிறது. அர்த்தம் தேடாமல் படிப்பவருக்கும் அது வெறும் கதவாகவே போதும். தேடுபவருக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

உடைத்து உள்ளே போனால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். அடுப்பில் நெருப்பு எரிகிறது, கெட்டிலில் தண்ணீர் மெல்லப் பாடுகிறது, தேநீர்க் கோப்பைகள் எடுத்து வைத்திருக்கின்றன, மேசையில் காகிதங்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன. அந்த இரவில் லண்டனிலேயே மிகச் சாதாரணமான அறை இதுதான் என்று தோன்றுமாம். தரையில் மட்டும் ஓர் உடல் துடித்துக்கொண்டிருக்கிறது. காதிக் நாவல்கள் என்ற வகை பிரிட்டனில் 18ஆம் நூற்றாண்டில் தொடங்கியபோது பயத்துக்குப் பாழடைந்த கோட்டையும் நிலவறையும் தேவைப்பட்டன. ஸ்டீவன்சனுக்கு ஒரு கெட்டில் போதும். பயத்தைக் கோட்டையிலிருந்து எடுத்து வந்து வக்கீலும் டாக்டரும் குடியிருக்கும் தெருவில் வைத்ததுதான் இந்த நாவலின் பெரிய காரியம் என்பேன்.

அவருக்கு இது ஒன்றும் புதிதல்ல. பிறந்து வளர்ந்த எடின்பரோ நகரில் வில்லியம் பிராடி என்று ஒருவர் இருந்தார். பகலில் மரச்சாமான் செய்யும் மதிப்பான தொழிலதிபர், நகர சபை உறுப்பினர். இரவில் கன்னக்கோல் ஆசாமி. 1788இல் தூக்கிலிட்டார்கள். அவர் செய்த அலமாரி ஒன்று சிறுவன் ஸ்டீவன்சனின் அறையில் இருந்தது. பிராடியை வைத்து ஸ்டீவன்சன் ஒரு நண்பரோடு சேர்ந்து ஒரு நாடகமே எழுதியிருக்கிறார்.

சொல்ல முடியாத முகம்

ஹைடு எப்படி இருப்பான்? நாவல் முழுக்கத் தேடினாலும் சரியான பதில் கிடைக்காது. குள்ளம், வெளிறிய நிறம், இளவயது. அவ்வளவுதான் தகவல். உடம்பில் ஏதோ ஊனம் இருப்பதுபோல் எல்லாருக்கும் தோன்றுகிறது, எங்கே என்று ஒருவராலும் சுட்டிக்காட்ட முடியவில்லை. 'இப்படி ஒரு ஆளை நான் வெறுத்ததே இல்லை, ஏன் என்றுதான் தெரியவில்லை' என்கிறார் என்ஃபீல்டு.

நேராகச் சொல்ல முடியாததால் பார்த்தவர்கள் எல்லாரும் உவமையைப் பிடித்துத் தொங்குகிறார்கள். குரங்கு மாதிரி ஆவேசம். எலி மாதிரி கீச்சிடல். குகைவாசி போன்ற தோற்றம். மனிதக் குரங்கோடு நமக்கு இருக்கும் உறவைப் பற்றி டார்வின் எழுதி 15 வருஷமே ஆகியிருந்த காலம் அது. அந்தக் குரங்கு உவமை படித்தவர்கள் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும்.

உவமைகளில் ஒன்று நமக்கு நெருக்கமானது. அதிகாலை மூன்று மணி, ஆளில்லாத தெரு. ஓடிவந்த ஒரு சிறுமி மேல் ஹைடு மோதுகிறான். கீழே விழுந்தவளை மிதித்துக்கொண்டு நிதானமாக நடந்து போகிறான். என்ஃபீல்டு சொல்கிறார்: அது மனுஷன் மாதிரியே இல்லை, ஏதோ ஒரு 'ஜகர்னாட்' மாதிரி இருந்தது. அந்த ஆங்கிலச் சொல் பூரி ஜகந்நாதர் தேரிலிருந்து போனது. தேர்ச்சக்கரத்தின் கீழ் பக்தர்கள் விழுந்து சாகிறார்கள் என்று ஐரோப்பியப் பயணிகள் எழுதியதையே படித்துப் படித்து, எதிரில் வருவதையெல்லாம் நசுக்கிப் போகும் எதற்கும் அது பெயராகிவிட்டது. வடம் பிடித்துத் தேர் இழுத்த ஊர்க்காரருக்கு இந்த இடம் கொஞ்சம் உறுத்தும். உவமை பொருளைக் காட்டுவதோடு, சொல்கிறவர் எந்த ஊரில் நின்று பார்க்கிறார் என்பதையும் சேர்த்தே காட்டிவிடுகிறது.

பெயரிலும் ஒரு விளையாட்டு இருக்கிறது. ஹைடு என்ற ஒலிக்கு ஆங்கிலத்தில் 'ஒளிந்துகொள்' என்று பொருள். அட்டர்சன் இதைத் தானே வாய்விட்டுச் சொல்கிறார்: அவன் ஒளிகிறவன் என்றால் நான் தேடுகிறவன். கண்ணாமூச்சி விளையாட்டின் ஆங்கிலப் பெயரையே இரண்டாகப் பிரித்து இருவருக்கும் பட்டம் கட்டுகிறார். சிலேடைக்குப் பெயர்போன மொழியில் வளர்ந்த நமக்கு இது சாதாரணம்தான். எனக்குத் தலைப்பில் இருக்கும் சிலேடைதான் இதைவிடப் பிடிக்கும். கேஸ் என்றால் நம் ஊரிலும் போலீஸ் கேஸ் உண்டு, ஆஸ்பத்திரி கேஸ் உண்டு. கதையை வக்கீல் துருவுகிறார், இரண்டு டாக்டர்கள் எழுதிவைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பெட்டி, உறை என்ற பொருளும் இருக்கிறது. நாவலே உறைக்குள் உறையாகத்தான் மடித்து வைத்திருக்கிறது. ஜெக்கிலின் பழைய நண்பர் டாக்டர் லான்யன் செத்த பிறகு அவர் விட்டுப்போன உறையை அட்டர்சன் பிரிக்கிறார். உள்ளே அரக்கு வைத்த இன்னொரு உறை, மேலே ஒரு குறிப்பு: 'ஜெக்கில் இறக்கும்வரை அல்லது காணாமல் போகும்வரை திறக்கக் கூடாது.' மனிதர் அதை மதித்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார். நானாக இருந்தால் பிரித்திருப்பேன்.

யார் சொல்கிறார் கதையை என்பதும் இங்கேதான் வருகிறது. எட்டு அத்தியாயம் அட்டர்சனின் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறோம். அவருக்குத் தெரிந்ததற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரியாது. ஒன்பதாவது லான்யன் எழுதிய சாட்சியம், பத்தாவது ஜெக்கிலின் வாக்குமூலம். உண்மை தெரிந்தவர் கடைசியில்தான் பேசுகிறார், பேசும்போது உயிரோடு இல்லை. நடுவில் வருகிறவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறவர்கள். முதல் அத்தியாயமே 'இதைப் பற்றி இனிமேல் பேசவேண்டாம்' என்று இருவரும் கைகுலுக்குவதோடு முடிகிறது. ஆண்டைக்கூட '18—' என்று பாதி சொல்லி நிறுத்துகிற நாவல் இது.

மூடுபனி பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், ஆகையால் சுருக்கமாக. பாத்திரத்தின் மனநிலையை இயற்கையின் மேல் ஏற்றிப் பாடுவது பழைய உத்தி. பள்ளியில் படித்த தற்குறிப்பேற்ற அணி இதற்கு உறவுக்காரன். லண்டன் பனி கரிப்புகையோடு கலந்து உண்மையிலேயே பழுப்பாகத்தான் இருந்தது, ஸ்டீவன்சன் அதைச் சாக்லேட் நிறம் என்கிறார். தெருவில் இருக்கும் பனியைவிட, கொலைக்குப் பிறகு வீட்டுக்குள்ளேயும் புகுந்து படியத் தொடங்குகிற பனிதான் சரியான பயம்.

இரண்டு தாள், ஒரு கை

உத்தி எப்படி வேலை செய்கிறது என்று நண்பர்களுக்கு விளக்க வேண்டி வந்தால் நான் ஐந்தாம் அத்தியாயத்தின் ஒரு காட்சியைத்தான் எடுப்பேன். மொத்தம் இரண்டு மூன்று பக்கம்.

கேரு கொலைக்கு மறுநாள் மாலை. வெளியே பனி. அட்டர்சன் தன் வீட்டுக் கணப்புக்கு ஒரு பக்கம், அவருடைய தலைமை குமாஸ்தா கெஸ்ட் மறுபக்கம். நடுவில் பழைய ஒயின் ஒரு பாட்டில். கெஸ்டுக்குக் கையெழுத்து ஆராய்ச்சியில் ஈடுபாடு. ஹைடு எழுதியதாக ஜெக்கில் கொடுத்த கடிதத்தை வக்கீல் எடுத்து நீட்டுகிறார். கெஸ்டின் கண்கள் மின்னுகின்றன. உட்கார்ந்து ஆசையாகப் படிக்கிறார். 'பைத்தியம் இல்லை சார். ஆனால் விநோதமான எழுத்து.'

அதே நேரத்தில் வேலைக்காரர் ஒரு சீட்டோடு வருகிறார். ஜெக்கிலிடமிருந்து சாப்பாட்டுக்கு அழைப்பு. 'அந்தரங்கமானதா?' என்று கெஸ்ட் கேட்டு வாங்கி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். சற்று நேரம் பேச்சில்லை. 'ஏன் ஒப்பிட்டீர்கள்?' என்று வக்கீல் கேட்கிறார். இரண்டு எழுத்தும் பல இடங்களில் ஒன்றேதான், சாய்வு மட்டும்தான் வேறு என்கிறார் கெஸ்ட். இதை வெளியே சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்கிறார்கள். கெஸ்ட் போன பிறகு அட்டர்சன் அந்தச் சீட்டைப் பூட்டி வைக்கிறார். அவர் ரத்தம் உறைகிறது: ஒரு கொலைகாரனுக்காக ஜெக்கில் போலிக் கடிதம் எழுதினாரா!

இருவரும் ஒரே ஆள் என்பதற்கான முழு ஆதாரம் அங்கே மேசைமேல் கிடக்கிறது. அட்டர்சன் அதைக் கண்ணால் பார்க்கிறார், பார்த்துவிட்டுத் தப்பாகப் புரிந்துகொள்கிறார். பின்னால் வரப்போவதை முன்கூட்டியே கோடிகாட்டுவது முன்னுணர்த்தல். பாத்திரத்துக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரிந்திருப்பதால் பிறக்கும் இறுக்கம் நாடக முரண். 1886இல் படித்தவருக்கு இந்தக் காட்சி முன்னுணர்த்தலாக மட்டுமே இருந்தது, அதுவும் இரண்டாம் முறை படித்தபோதுதான் புலப்பட்டிருக்கும். நமக்கு முதல் வாசிப்பிலேயே நாடக முரண். அட்டை ஓவியர் ரகசியத்தை உடைத்ததில் நமக்கு ஒரு லாபமும் கிடைத்திருக்கிறது.

கடைசி அத்தியாயத்தில் இந்த முடிச்சு அவிழ்கிறது. தன் எழுத்தையே பின்பக்கமாகச் சாய்த்து எழுதி ஹைடுக்கு ஒரு கையெழுத்து உண்டாக்கியதாக ஜெக்கில் ஒப்புக்கொள்கிறார். இன்னொரு நாள் பூங்காவில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று உருமாறிவிடுகிறார். வீட்டுக்குப் போனால் போலீஸ் பிடிக்கும். அப்போதுதான் நினைவு வருகிறது: பழைய சுபாவத்தில் ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது, ஜெக்கிலின் எழுத்தில் எழுத முடியும். முகம் மாறுகிறது, உயரம் குறைகிறது, குரல் மாறுகிறது, கையெழுத்து மாறவில்லை.

ஆங்கிலத்தில் கைக்கும் கையெழுத்துக்கும் ஒரே சொல். தமிழிலும் கையெழுத்துக்குள் கை இருக்கிறது. நாவலில் கையைத் தேடிக்கொண்டே போங்கள். ஜெக்கிலின் கை பெரிது, வெள்ளை, பார்க்க அழகு. ஒரு காலையில் கண்விழிக்கும்போது போர்வைமேல் நரம்போடிய, முடி அடர்ந்த, ஒல்லியான கை கிடக்கிறது. கண்ணாடிக்கு ஓடுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ஓர் உறுப்பு முழு ஆளுக்காக நிற்கிறது, சினையாகுபெயர் படித்தவர்களுக்கு இது புரிய நேரமாகாது.

அவரா, அவனா

இதுவரை நான் எழுதியதை மீண்டும் பாருங்கள். ஜெக்கில் 'சொல்கிறார்', ஹைடு 'சொல்கிறான்'. யோசிக்காமல் விழுந்த விகுதிகள். டாக்டர் என்பதால் 'அவர்', கொலைகாரன் என்பதால் 'அவன்'. ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சுட்டுப்பெயர்தான். தமிழில் எழுத ஆரம்பித்த உடனேயே ஒரே மனிதரை இரண்டாகப் பிரித்து ஒருவருக்கு மரியாதையும் கொடுத்துவிடுகிறோம். ஜெக்கில் விரும்பியதும் இதைத்தான்.

அவருடைய வாக்குமூலத்தில் தன்மையும் படர்க்கையும் மாறி மாறி வரும். மருந்தைக் குடித்தபோது 'நான்'. கொடுமை செய்யும்போது ஹைடு. குற்றவாளி ஹைடு, ஹைடு மட்டுமே என்கிறார். ஜெக்கில் பழைய ஜெக்கில்தானாம், காலையில் நல்ல குணங்கள் எல்லாம் அப்படியே இருக்குமாம். தேர்ந்த வக்கீலின் வாதம்போல் இருக்கிறது. போகப்போக இலக்கணம் அவர் கையை மீறுகிறது. ஓரிடத்தில் எழுதிக்கொண்டே வந்தவர் தடுமாறி நிற்கிறார்: அவன் என்கிறேன், நான் என்று சொல்ல என்னால் முடியவில்லை. என்னைக் கேட்டால் நாவலின் மிகப் பயங்கரமான வரி இதுதான். ரத்தம் இல்லை, இருட்டு இல்லை. வெறும் பிரதிப்பெயர். தமிழில் மொழிபெயர்ப்பவர்களுக்குக் கூடுதல் தலைவலி, ஏனென்றால் நமக்கு ஒவ்வொரு வினைமுற்றிலும் நடந்தேனா நடந்தானா என்று முடிவெடுத்தே ஆக வேண்டும்.

அட்டைப்படத்துக்கு வருவோம். பாதி நல்லவன், பாதி கெட்டவன் என்பது நாவலில் எங்குமே இல்லை. ஹைடு முழுக்கத் தீமை. ஜெக்கில் நன்மையும் தீமையும் கலந்த பழைய கலவையாகவே இருக்கிறார், மருந்து அவரைச் சுத்திகரிக்கவில்லை. அளவும் பாதிப்பாதி இல்லை. தன் வாழ்க்கையில் பத்தில் ஒன்பது பங்கு உழைப்பும் கட்டுப்பாடுமாகப் போனதால் தீய பகுதிக்கு வேலையே இல்லாமல் வளர்ச்சி குன்றிவிட்டது என்கிறார் ஜெக்கில். அதனால்தான் ஹைடு குள்ளம். ஜெக்கிலின் சட்டையும் கால்சட்டையும் அவனுக்குத் தொளதொளவென்று தொங்குகின்றன. வெளியே விட விட ஹைடு வளர்கிறான். இதை ஓவியமாகப் போட்டால் கோடு நடுவில் வராது, வந்தாலும் நின்ற இடத்தில் நிற்காது. மனிதன் ஒருவன் அல்ல, இருவர் என்ற புகழ்பெற்ற வாசகத்துக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு வரி இருக்கிறது. நாளைக்கு ஆராய்கிறவர்கள் மனிதனுக்குள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பலர் குடியிருக்கும் ஊரையே காண்பார்கள் என்று ஜெக்கில் ஊகிக்கிறார். அந்த வரி முதல் வாசகம் அளவுக்குப் புகழ்பெறவில்லை.

அந்த ஊரின் அமைதியான குடிமகன் அட்டர்சன். ஒயின் பிடிக்கும், தனியாக இருக்கும்போது ஆசையை அடக்க ஜின் குடிப்பார். நாடகம் பிடிக்கும், 20 வருஷமாகத் தியேட்டர் வாசலை மிதித்ததில்லை. இந்த விவரங்கள் முதல் பக்கத்திலேயே வந்துவிடுகின்றன. மருந்து குடிக்காத ஜெக்கில் என்று அவரைச் சொல்லலாம்.

முரண்நகையில் கடைசி ஒன்று பாக்கி. மருந்துக்கான உப்பு தீர்ந்துபோகிறது. ஜெக்கில் பூலை லண்டன் மருந்துக் கடைகளுக்கெல்லாம் அனுப்புகிறார், வந்த உப்பு எதுவும் வேலை செய்யவில்லை, கலப்படம் என்று திருப்பி அனுப்புகிறார். கடைசியில்தான் தெரிகிறது, முதலில் வாங்கியதுதான் கலப்படம். அந்தக் கலப்படத்தால்தான் மருந்தே வேலை செய்தது. தன்னைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க நினைத்த மனிதருக்குக் கைகொடுத்தது அழுக்கு.

பேனாவைக் கீழே வைக்கிறேன், பாவப்பட்ட அந்த ஹென்றி ஜெக்கிலின் வாழ்க்கையை முடிக்கிறேன் என்று வாக்குமூலம் நிற்கிறது. கடைசி வாக்கியத்திலும் தன் பெயரை யாரோ ஒருவர் பெயர் மாதிரிதான் எழுதுகிறார். அதோடு நாவலும் முடிந்துவிடுகிறது. இரண்டு அத்தியாயம் முன்னால், இந்தக் காகிதங்களை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு நள்ளிரவுக்குள் திரும்பி வருகிறேன், அப்புறம் போலீசுக்குச் சொல்லலாம் என்று பூலிடம் சொல்லிவிட்டுப் போனார் அட்டர்சன். அவர் திரும்பி வந்ததாக ஒரு வரியும் இல்லை.